தேவராஜா மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தது

இரஞ்சிதம் கலியாணம் முடித்துப் போய் இறங்கிய ஊர், பிரான்சில் ஜெர்மன் எல்லையோரம் இருந்தது. சின்ன ஊர். அங்கிருந்த கார் தொழிற்சாலையின் சங்குக்குத்தான் ஊரே எழும்பும், படுக்கும். புருஷன் தேவராஜா அங்கே காருக்குக் கதவு மாட்டினான். தமிழ் கதைக்க வேறு ஒரு சனம் இல்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனி. அங்கே சாமான் மலிவென்று ஊர்ச்சனம் பையோடு போய்வரும். ஒருநாள் இரஞ்சிதமும் கைக்குழந்தையோடு பால்மா வாங்கப் போனாள். அகதிக் கார்ட்டோடு எல்லை தாண்டக் கூடாதென்று அவளுக்கு ஆர் சொன்னது? பொலிஸ் மறித்து இருத்திவிட்டது. பிள்ளை பசியில் கத்தியது. தொழிற்சாலைக்குத் தகவல் போயும், தேவராஜா வேலை முடிந்துதான் வந்தான்.

"கார் ஓடிக்கொண்டிருக்கிற லைனை இடையில விட்டிட்டு வரேலாதப்பா," என்றான்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ணிலிருந்த தமக்கை தன்னிடம் வந்துவிடும்படி கூப்பிட்டபோது மட்டும் உடனே ஓம் என்றாள்.

"நீ பிள்ளையோட போ. நான் அடுத்த வருஷம் வாறன்."

ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னான். இரஞ்சிதம் மெல்பேர்ணின் டண்டினொங் பக்கம் கோழி இறைச்சி பொதிசெய்யும் வேலைக்குப் போனாள். குளிருக்குள் நின்று விரல் விறைத்து, வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தால் எழும்ப மனம் வராது. அப்படியே மகளும் வளர்ந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கார் விற்பனை படுத்தது. தொழிற்சாலை வயசான ஆட்களை முதலில் நிற்பாட்டியது. தேவராஜாவும் வேலை போய், மெல்பேர்ணில் வந்து இறங்கினான். "ஹாய் அப்பா," என்று மகள் கை கொடுத்தாள். அவன் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்தபடி நின்றான்.

வீட்டில் இரஞ்சிதம் முன்னறைக் கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள்.

"நீங்கள் இதில படுங்கோ. திரும்பப் பழகிவர எனக்கு நாளாகும்."

"ஓம்," என்றான்.

விடியமுன்னம் எழும்பி, சப்பாத்தும் போட்டு, குசினியில் அடுப்புப் பக்கம் சும்மா இருப்பான். "எங்க போகப்போறியள்?" என்று கேட்டால், "தெரியாது," என்பான். பார்க்கப் பொறுக்காமல் அவளே சூப்பர்வைசரோடு கதைத்து, தான் வேலை செய்யும் இடத்திலேயே கழுவித் துடைக்கும் வேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்புகிறார்கள். கதை பெரிதாக இல்லை. ஏறி இருந்ததுமே அவள் கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரையாகிவிடுவாள். இறங்கும் இடம் வந்ததும் அவன் எழுப்புவான்.