புவனா அக்கா திருத்தி எழுதிய கடிதம்

போன செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவமனை அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. புவனா அக்காவின் மகள். "அம்மா போயிட்டா அன்ரி. ஹார்ட்," என்றாள். பதினொரு வருடங்களாக எனக்கு அடுத்த மேசை புவனா அக்காவுடையது. அன்று விடுப்பில் இருந்தார்.

உங்களில் பலருக்கு அவரை மேய்ஸ் ஹில் முருகன் கோவில் கார் தரிப்பிடத்தில்தான் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் காரின் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். சமாதான நீதவான் என்ற முறையில் ஊராரின் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்து வைக்கும் இடம் அதுதான். வரிசை நீண்டாலும் அவசரப்பட மாட்டார். "வாசிக்காமல் முத்திரை குத்த மாட்டன். பேந்து பொய்யெண்டால் என்ர பேரல்லோ நாறும்," என்பார்.

அப்படிப்பட்டவரை நான் ஒரு பொய் எழுத வைத்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், சாந்தி, மாயா. நானும் சாந்தியும் இணையராகப் பல வருடங்கள் சேர்ந்து வாழ்ந்த பிறகு, முகம் தெரியாத ஒருவரின் விந்துக் கொடையால், மருத்துவ உதவியோடு சாந்தி மாயாவைப் பெற்றாள். மாயா அவளை அம்மா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவாள். அப்படிப் பழக்கியது நாங்கள்தான். அந்த ஒரு சொல்லை வைத்து ஊர் எங்களை அக்கா, தங்கை என்று முடிவு செய்துகொண்டது. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

புவனா அக்காவும் அப்படியே நம்பினார். மிச்சக் கதையைத் தானே கட்டிக்கொண்டார். சாந்தியைக் கைவிட்டுப் போன ஒரு கணவனை உருவாக்கி, வாரம் தவறாமல் திட்டுவார். "அந்த நாசமாப் போனவன் பிள்ளையின்ர முகத்தையாவது வந்து பாத்தானே?" எனக்கு மாப்பிள்ளை வேறு பார்த்தார். "மெல்பேர்னில ஒரு என்ஜினியர். மல்கிரேவில சொந்த வீடு. தலைமயிர்தான் கொஞ்சம் குறைவு."

"வேண்டாம் அக்கா."

"ஏன், தங்கச்சிக்குக் காவலிருக்கிறியோ?"

மாயாவைச் சைல்ட்கெயாரில் சேர்த்தபோது, அவளைக் கூட்டிப்போக வரும் நான் யார் என்று ஒரு கடிதம் கேட்டார்கள். புவனா அக்காதான் எழுதித் தந்தார். 'தாயின் மூத்த சகோதரி.' நான் வாசித்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்பே மாயாவைத் தத்தெடுக்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டிருந்தேன். எங்களைப் போன்ற இணையருக்கு இந்த மாநிலத்தில் வழியில்லை என்றார். நான் தனியாகத் தத்தெடுத்தால் சட்டப்படி சாந்தி தாயாக இல்லாமல் போய்விடுவாள். சாந்திக்கு ஏதாவது நடந்தால் மாயா என்னிடம் இருப்பாளா என்பதற்கு யாராலும் உறுதி தர முடியவில்லை.

போன வருடம் சட்டம் மாறியது. இப்படிப் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் இரண்டு தாய்மாரின் பெயரும் வரலாம், ஏற்கெனவே பிறந்தவர்களுக்கும்தான். செய்தி வந்த மாலை நானும் சாந்தியும் குசினியில் கைகோத்து ஆடினோம். சோறு கருகியது. ஏன் ஆடுகிறோம் என்று தெரியாமலே மாயாவும் ஆடினாள்.

ஆனால் வழக்கறிஞர் ஒன்று சொன்னார். மாயா பிறக்க முன்பிருந்தே எங்களைத் தெரிந்த ஒருவரின் கடிதம் இருந்தால் நல்லது. பழைய கடிதத்தையும் திருத்த வேண்டும். அதில் நாங்கள் சகோதரிகள் என்று இருந்ததே! இரண்டுக்கும் ஒரே ஆள்தான், புவனா அக்கா.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரையடி திட்டினனான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "என்ர கையால பொய் எழுத வைச்சிட்டாய்," என்று எழுந்து போனார். இரண்டு நாட்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தும் பேச்சில்லை. பத்திரமும் போயிற்று, அக்காவின் உறவும் போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை கைப்பையோடு என் முன்னால் வந்து நின்றார். "வெளிக்கிடு. சைல்ட்கெயாருக்குப் போவம்."

அங்கே பொறுப்பாளரிடம் பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார், தான் எழுதியது பிழை, இவளும் இந்தப் பிள்ளையின் தாய் என்று. குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். நான் வாய் திறக்கப் போனேன். கையைப் பிடித்து அமத்தினார். காரில் ஏறிய பிறகுதான் பேசினார். "பேசாமல் இருந்தது உன்ர பிழை. கேக்காமல் எழுதினது என்ர பிழை. சரி, காரை எடு."

அன்றே புதுக் கடிதம் எழுதினார். 'மாயா பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இவர்கள் ஒரே குடும்பமாக வாழ்வதை நான் கண்டிருக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் நாள் எடுத்தது.' பின்பாதியை எடுத்துவிடலாமே என்றார் வழக்கறிஞர். அக்கா மறுத்துவிட்டார். "அதுதானே உண்மை."

பத்திரம் வந்த நாளை எப்படி எழுதுவேன்! உறையை அலுவலகத்திலேயே பிரித்தேன். அக்கா பறித்து, வழக்கம்போல் முதல் வரியிலிருந்து வாசித்தார். பிறகு போட்டார் ஒரு சத்தம். "ரெண்டு பேரின்ர பேரும் இருக்கு! ரெண்டும் இருக்கு!" காத்திருந்த நோயாளிகள் எழுந்து பார்த்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடிப்போய்க் காட்டினார். அவளும் கை தட்டினாள்.

அதோடு நிற்கவில்லை. தத்தெடுப்புச் சட்டத்தையும் மாற்றலாமா என்று ஆராயும் குழுவுக்குத் தானே எழுதிப் போட்டார். "இப்பிடிச் சோடியளிட்ட அரசாங்கமே பிள்ளையை வளர்க்கக் குடுக்குது. அதே பிள்ளையை அவைக்குச் சொந்தமாக் குடுக்க ஏலாதோ? என்ன ஞாயம் இது?" அந்தச் சட்டம் இன்னும் மாறவில்லை.

இறுதிச் சடங்குக்கு மாயாவோடு போயிருந்தபோது ஒரு அன்ரி என்னிடம் கேட்டார், "தங்கச்சி வரேல்லையோ பிள்ளை?"

"சாந்தி என்ர தங்கச்சி இல்லை அன்ரி. நாங்கள் ரெண்டு பேரும் மாயாவின்ர தாய்மார்."

அவர் என்னைப் பார்த்தார், மாயாவைப் பார்த்தார். பிறகு சற்று நகர்ந்து உட்கார்ந்து, மாயாவுக்கு இடம் விட்டார்.

பிழையை, அது எழுதப்பட்ட இடத்துக்கே போய்த் திருத்த வேண்டும். புவனா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். நாங்கள் சகோதரிகள் என்று உங்களையும் நம்ப வைத்திருந்தேன். ஆகவே இதை, நீங்கள் எல்லோரும் வாசிக்கும் இந்தப் பத்திரிகையில், என் பெயரோடு எழுதுகிறேன்.