போணிக்கு முன் ஒரு டிக்கெட்

எங்கள் ஸ்டேஷனில் காலை வண்டியில் யாரும் ஏறுவதே இல்லையாம். டிக்கெட் கொடுக்கிறவர் ஜன்னல் வழியாக இதைச் சொன்னபோது என் தலையில் நண்டுக் கூடை இருந்தது. எனக்குப் பின்னால் பிளாட்பாரத்தில் முப்பது நாற்பது பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"அப்ப நாங்கல்லாம் இன்னா பேயா சார்?" என்று கேட்டேன்.

அவர் தெற்குச் சீமைக்காரர். இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "கோவப்படாதீங்கம்மா. இங்க டிக்கெட்டே விக்கிறதில்ல. விக்காத ஊர்ல வண்டி எதுக்கு நிக்கணும்னு மேல கேக்கறாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்க. அப்புறம் காலை வண்டி இங்க நிக்காது" என்றார். கூடையை இறக்கி வைத்த பிறகுதான் அது எனக்கு முழுசாக உறைத்தது.

எங்கள் ஊர்க் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வது இது: முதலில் ஸ்டேஷன் வந்தது, பிறகுதான் ஊர். எளாவூருக்கும் ஆரம்பாக்கத்துக்கும் போகிற தண்டவாளத்தில், பனைமரமும் சவுட்டு மண்ணுமாகக் கிடந்த இடம் இது. கரி எஞ்சின் தண்ணீர் பிடிக்க இங்கே நின்றதாம். நின்ற வண்டியில் பழவேற்காடு ஏரிக்கரைப் பெண்கள் மீன் கூடையை ஏற்றினார்கள். மீனுக்கு ஐஸ் வேண்டுமென்று ஐஸ் ஃபேக்டரி வந்தது. ஐஸ் உடைக்கிறவனுக்கு டீ வேண்டுமென்று டீக்கடை வந்தது. பழவேற்காட்டிலிருந்து ஒரு பாய் வந்து கருவாட்டுக் கடை போட்டார். அவர் பேரன் இப்போது அதே இடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஏரியை விட்டு உள்ளே தள்ளி நெல் போடுகிறவர்களும் ஒவ்வொருவராக இங்கே வந்து வீடு கட்டினார்கள். கோயில்தான் முதலில் வந்தது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சாமி கோபித்துக்கொண்டாலும் சரி, நான் சொல்வதுதான் நிஜம்.

நாங்கள் ஓசியில் ஏறுகிறவர்கள் இல்லை. எல்லாரிடமும் சீசன் டிக்கெட் உண்டு. ஆனால் ஒருத்திகூட அதை இங்கே வாங்கியதில்லை. போணி ஆகாமல் எங்கள் பெண்கள் கையிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. முதல் கூறு விற்று, அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சுருக்குப்பை அவிழும். அதுவரை ஒரு டீகூடக் குடிக்க மாட்டோம். அதனால் சீசனை எல்லாரும் சென்னையில், விற்று முடித்துத் திரும்பும்போது எடுப்போம். எங்கள் அம்மாக்களும் அப்படித்தான் செய்தார்கள். இத்தனை காலம் நாங்கள் இங்கே ஏறியதெல்லாம் சென்னைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்ல புத்திசாலிகள் நாங்கள்.

அந்த வண்டி போனால் என் வியாபாரமும் போச்சு. நான் விற்பது உயிர் நண்டு. வீட்டுக்காரர் ஏரியில் பிடித்து, கொடுக்கையும் காலையும் சணலால் கட்டிக் கொடுப்பார். செத்த நண்டை மார்க்கெட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அடுத்த வண்டி வெயில் ஏறித்தான் வரும். அது போய்ச் சேருவதற்குள் நண்டும் செத்துவிடும், மார்க்கெட்டும் கலைந்துவிடும். அப்புறம் ரோட்டில் வேனோடு நிற்கிற ஏஜெண்ட் சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான். இருபது வருஷமாக என் விலையை நானே சொல்லிப் பழகிய வாய் இது. இதை மூடிக்கொண்டு இன்னொருத்தன் முன்னால் நிற்க என்னால் முடியாது.

அன்று வண்டியிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "சீசன் அது பாட்டுக்கு இருக்கட்டும். மாசக் கடைசி வரைக்கும் தெனம் நம்ம ஸ்டேஷன்ல டிக்கெட் எடுப்போம்."

முதலில் வாயைத் திறந்தவள் என் அண்ணி. அண்ணன் பெண்சாதி. இறால் விற்கிறவள். மீன் கூடைப் பெட்டியில் அவள் சொன்னால் அதுதான் சட்டம்.

"போணிக்கு முந்தி காச நீட்டச் சொல்றியா? உனக்கு இன்னா, புத்தி கெட்டுப் போச்சா?"

"வண்டியே நிக்கலன்னா போணி எங்க அண்ணி ஆவும்?"

"ஒரே ஒரு தபா டீக்குக் காசு குட்த்தேன். அன்னிக்கி சிக்னல்ல வண்டி நின்னு ஒரு கூட எறாவும் நாறிப்போச்சு. மறந்துட்டியா? நான் எடுக்க மாட்டேன். நீயும் எடுக்காத."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த இறாலைக் குழிவெட்டிக் கொட்டியபோது நானும் கூட நின்றேன். சொல்லப்போனால் எனக்கும் பயம்தான்.

மறுநாள் விடிந்ததும் நேரே ஜன்னலுக்குப் போனேன். சுருக்குப்பை முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். "எங்கம்மா போகணும்?" என்று அவர் கேட்டார். "சென்ட்ரல்" என்றேன். டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினால் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் என் கூடைக்குப் பக்கத்தில் யாரும் தன் கூடையை வைக்கவில்லை.

அன்று பார்த்துச் சென்னையில் மழை கொட்டியது. மதியம் வரை எனக்குப் போணியே ஆகவில்லை. கடைசியில் ஓர் ஓட்டல்காரர் அவர் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. மழை எல்லாருக்கும்தான் பெய்தது, யாருக்குமே வியாபாரம் இல்லை. ஆனால் பழி மட்டும் என் டிக்கெட்டின் மேல் விழுந்தது. அண்ணி "சொன்னேன்ல" என்றாள்.

"வுட்டுடு, வேற வழி பாப்போம்" என்றார் வீட்டுக்காரர். வேறு வழி எது என்று கேட்டேன். தெரியாவிட்டால் நண்டைக் கட்டு என்றேன்.

அடுத்த நாளும் போய் நின்றேன். காசை நீட்டும்போது பின்னாலிருந்து யாரோ தோளை இடித்தார்கள். பார்த்தால் அண்ணி.

"எல்லாப் பீடையும் உன் ஒருத்தி தலையிலயே ஏறணுமா? நகரு" என்றாள்.

ஏரியில் வலை போடுகிற இடத்தைப் பாடு என்போம். நல்ல பாடும் உண்டு, ஒன்றும் கிடைக்காத பாடும் உண்டு. குடும்பம் மாற்றிக் குடும்பம் எல்லாருக்கும் முறை வரும். கெட்ட பாட்டை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்க முடியாது. அண்ணி அதைத்தான் சொன்னாள். "கெட்டதுன்னா எல்லாரும் முறை வெச்சு எடுத்துக்கணும். ஏரிக்கி ஒரு ஞாயம், ரயிலுக்கு ஒரு ஞாயமா?"

"பயமா இல்லியா அண்ணி?"

"பயந்தான். பேசாம இரு."

கண்ணை மூடிக்கொண்டுதான் காசை வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். வண்டி வந்து நின்றபோதும் வரிசை முடியவில்லை. டிக்கெட்காரர் வெளியே ஓடிவந்து, வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கார்டுக்குக் கை காட்டினார்.

மாதக் கடைசி வரை அப்படித்தான் எடுத்தோம். காலை வண்டி இன்றும் நிற்கிறது. சீசனும் இப்போது இங்கேதான். இதைக் கேட்கிறவர்கள், முதல் டிக்கெட் எடுத்தவள் என்று என்னைத்தான் புகழ்கிறார்கள். அண்ணி டிக்கெட் எடுத்த அன்று என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அன்று அவளுக்கு வியாபாரம் படுமோசம். ஐஸ் உருகி, பாதி இறாலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நாளைக்கு இவள் வரமாட்டாள், இவள் வராவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் சீக்கிரமே போனேன். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. அதன் முன்னால் அண்ணி, அவிழ்த்த சுருக்குப்பையோடு, ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.