நாலு துண்டு தக்காளி

என் அக்கா வீட்டுக்காரரை ஆலைக் கேன்டீனில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மூக்கர்தான். அங்கே அவர் தலைமைச் சமையல்காரர். வண்டியில் வரும் மீனை ஒரு தடவை முகர்ந்து பார்த்து, இறக்கு என்பார், இல்லை திருப்பிக் கொண்டுபோ என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எனக்கு அத்தான். அந்த மூக்குக் கர்வத்தை நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

வீட்டுக்குப் பின்னால் வெயில் விழுவது ஒரே ஒரு பாத்தியில்தான். அதனால் நாலு ரகத் தக்காளியைத் தொட்டிகளில் வளர்த்து, ருசி பார்த்து, ஜெயித்த ரகத்துக்கு மட்டும் பாத்தியைக் கொடுப்பார்கள். குண்டன், நெட்டையன், மஞ்சக்காரி, கறுப்பி என்று பெயர்கூட வைத்திருந்தார் அத்தான். நிறம் பார்த்து ஏமாறக் கூடாதென்று துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார்.

இந்தத் தடவை சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து உட்காரும்போதே அவர் முகம் வெளுத்திருந்தது. கண்ணைக் கட்டியதும் அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பகீரென்றது. நாலு துண்டும் ஒரே சிவப்பு. எல்லாமே குண்டன். வாயைத் திறக்கப் போனேன்; அக்கா முறைத்த முறைப்பில் அடங்கிப்போனேன்.

முதல் துண்டை மென்றார். இரண்டாவதில் மெல்லுவது நிதானமானது. மூன்றாவதை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். நெற்றி வியர்வை கண்கட்டை நனைத்தது. தக்காளி தின்ன யாராவது இப்படிப் பயப்படுவார்களா?

"மூணாவதுதான்," என்றார் கடைசியில். "என்ன மணம்! மத்ததெல்லாம் கிட்ட நிக்க முடியாது மாப்ளே. நாலாவது வெறும் தண்ணி."

குரலில் மட்டும்தான் கம்பீரம். கை மேஜை விளிம்பை விடவேயில்லை.

"நாலும் குண்டன்தாங்க," என்றாள் அக்கா. "காலைல பால் தீஞ்சு வீடே நாறிச்சு. நீங்க பக்கத்துலயே நின்னு பல்லு தேச்சிட்டிருந்தீங்க. அதான் இப்படிப் பண்ணேன். எல்லாம் ஒண்ணா இருக்கேன்னு சொல்லியிருந்தா, ஒண்ணுமில்லன்னு நிம்மதியாயிருப்பேன்."

அத்தான் துண்டை அவிழ்க்கவில்லை.

"ஒண்ணாத்தான் இருந்துச்சு. மூக்கு செத்துப்போனதால அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"போன வாரம் காய்ச்சல் விட்டதுலேர்ந்து. இன்னிக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு இருந்தேன். வெளிய தெரிஞ்சா என்னை எதுக்கு வேலைக்கு வச்சிருப்பாங்க?"

அக்கா அடுத்துக் கேட்டதில்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

"இன்னிக்கு மீனை யாரு பாத்தா?"

"நான்தான்," என்றார். "மோந்தேன். ஒண்ணும் தெரியல. இறக்குன்னுட்டேன்."

மதியம் ஆலையே அந்த மீனைச் சாப்பிட்டிருக்கிறது. அக்கா துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனை அவர் கையில் திணித்தாள். நான்தான் அவருக்கு அடுத்த சமையல்காரரின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். எடுத்ததும், மதியம் சாப்பிட்டவர்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார் அத்தான்.

"எல்லாரும் நல்லாத்தாண்ணே இருக்காங்க. குழம்பு பத்தலன்னுதான் சண்டை. ஏன் கேக்குறீங்க?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதோடு போனை வைத்திருக்கலாம். அத்தான் வைக்கவில்லை.

"நாளைலேர்ந்து மீனை நீ மோந்து பாரு. எனக்கு வாசனை தெரியல."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "மூக்கருக்கா? யாரு காதுல பூ சுத்துறீங்க?"

"விளையாடலப்பா," என்று சொன்னவர் அழுதுவிட்டார். சிரிப்பு நின்றுபோனது.

இப்போது அவரைக் காய்கறி நறுக்கும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ தெரியாது. பாத்தி குண்டனுக்குத்தான் போனது. அவர் தேர்ந்தெடுத்ததும் அதைத்தானே! செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. தக்காளி இலையைக் கசக்கினால் எவ்வளவு வாடை அடிக்கும்! தினமும் காலையில் அத்தான் ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏதாவது தெரிந்ததா என்று கேட்க அக்காவுக்கும் எனக்கும் இன்னும் தைரியம் வரவில்லை.