எனக்கு முன்னால் ஜெபித்தவர்

என் நீண்ட ஜெபங்களில் முழங்கால் மரத்துப்போன அன்பான சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என் வந்தனம். ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடிப்பேன்.

நாற்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், என் குரல் போய்விட்டது. கம்மிப்போகவில்லை, போயேவிட்டது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியார். கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துப் பையன்கள் கைதட்டினார்கள்.

டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்தார். "பேசவே கூடாது. குரல் திரும்பலாம். ஆனால் நாள் முழுக்கப் பாடம் நடத்துகிற குரலாகத் திரும்புமா என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர். "கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் பார்க்கலாம், பாக்கியநாதன். அப்புறம் வேறு ஆள் போட்டாகணும்" என்றார். என் மனைவி கிரேஸுக்குத் தையில் பிரசவம்.

நானோ வாழ்க்கை முழுவதையும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தவன். வாத்தியார், அப்புறம் உதவித் தலைமை, அப்புறம் தலைமை, அப்புறம் பென்ஷன். தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு எந்த நிறத்தில் மெத்தை என்பது வரைக்கும் தீர்மானமாகியிருந்தது. ஆண்டவருக்கு மறந்துவிடுமோ என்று வாராவாரம் ஞாபகப்படுத்துவேன். அந்தத் திட்டத்தில் பக்கவழி ஒன்றுகூடக் கிடையாது. குரல் போனதும் எல்லாம் போச்சு.

பேச்சில்லாத மயிலாப்பூர் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. டிராம் மிதந்து வரும். குடைகள் மிதந்து போகும். கோபுரம்கூட மழையில் கரைந்து ஆடுவதுபோலத் தெரியும். லஸ் முனையில் எனக்குப் பழக்கமான ரிக்‌ஷாக்காரர் ஒருநாள் வழிமறித்தார்.

"இன்னா வாத்தியாரே, கூப்ட்டுக்கினே கீறேன், ஒரு பதிலு இல்ல? கோவமா?"

தொண்டையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினேன்.

"அய்ய, போச்சா? வூட்ல அம்மாவுக்கு ரெஸ்ட்டுன்னு சொல்லு!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறிக் குந்து நைனா, நனையாத" என்று வீடுவரை சும்மாவே கொண்டுவந்து விட்டார். வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுவதற்கும் சத்தம் வரவில்லை.

மழைவிட்ட சாயங்காலங்களில் சாந்தோம் கடற்கரைக்குப் போவேன். அலை ஏறி இறங்கும்போது ஈர மணலில் நுரை ஒரு கரைக்கோடு போடும். இது நார்வே, இது கிரீஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அடுத்த அலை அதை அழித்துவிட்டு வேறொரு தேசம் போடும். தூக்கத்திலும் அந்தக் கோடுகள் வரும். கரும்பலகையில் வரைந்து வரைந்து என் விரல்களுக்கு உலகத்தின் ஓரமெல்லாம் மனப்பாடம். ஆனால் அது ஒரு பிழைப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஆண்டவரே, குரலைத் திருப்பிக் கொடும். எனக்கு வேறொன்றும் தெரியாது" என்பதுதான் என் ஒரே ஜெபம்.

புதன்கிழமை தோறும் போதகர் வீட்டுக் கூடத்தில் ஜெபக்கூட்டம். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் ஜெபிப்போம். எனக்கு முன்னால் எப்போதும் அருளானந்தம் அண்ணன். தியாகராய நகரில் சின்னதாகக் கல் அச்சுக்கூடம், அதாவது கல்லில் வரைந்து தாளில் படம் எடுக்கிற அச்சுக்கூடம், வைத்திருப்பவர். அவர் ஜெபிக்கும் நேரத்தில் நான் என் ஜெபத்தைக் கோத்துக்கொண்டிருப்பேன். வாத்தியார் புத்தி, கண்டம் கண்டமாகப் போவேன். ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேரும்போது போதகரம்மாவின் காப்பி ஆறிப்போயிருக்கும்.

அந்தப் புதன்கிழமை எல்லோரும் என் குரலுக்காகக் கேட்டார்கள். மனதாரத்தான் கேட்டார்கள். ஆனால் இரண்டொருவர் "உமக்குச் சித்தமானால்" என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள்.

கோக்க ஒன்றுமில்லாததால், முதல்முறையாக அண்ணனின் ஜெபத்தைக் கேட்டேன்.

"ஆண்டவரே, கேட்டுக் கேட்டு உமக்கே அலுத்திருக்கும். எங்க படம் வரையறவர் ஊரோட போயிட்டார். பள்ளிக்கூடத்துத் தேசப்படமெல்லாம் அப்படியே நிக்குது. கை நடுங்காம ஒரு கரைக்கோடு இழுக்கத் தெரிஞ்ச ஆளை அனுப்பும். ஆமென்."

அடுத்தது என் முறை. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்கட்டித் துண்டு கிடக்கும். எடுத்தேன். போதகர் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கட்ச்சில் ஆரம்பித்து, குமரிமுனையைச் சுற்றி, வங்கம் வரை ஒரே இழுப்பு. அந்த மௌனத்தில் சாக்கட்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்நாளில் நான் பண்ணிய மிகச் சிறிய ஜெபம் அதுதான்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்போதிலிருந்து கேட்கிறீர்கள்?" என்று குமரிமுனைக்குக் கீழே எழுதிக் காட்டினேன்.

"சித்திரையிலேர்ந்து கேக்கறேன், தம்பி. உங்களுக்கு முன்னாடி நான்தானே?"

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்று அதற்கும் கீழே எழுதினேன்.

"நீங்க பேசித்தான் பாத்திருக்கேன். வரைஞ்சு பாத்ததில்லையே!"

"தரையை யார் துடைக்கிறது?" என்றார் போதகரம்மா.

"இன்னிக்கு யாரும் துடைக்க வேணாம்" என்றார் போதகர். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரமே அண்ணனின் அச்சுக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். கல்லில் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பி வரைய வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். நான் மறந்துபோய் நேராக வரைந்தேன். முதல் தாளில் இலங்கை அரபிக்கடலுக்குப் போய்விட்டது. "யுத்தத்தில் யாராலும் முடியாததைச் செஞ்சிட்டீங்க" என்றார் அண்ணன்.

தையில் மகள் பிறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எழுந்து வந்துவிட்டார்கள். "உங்க குரல் எங்கே போச்சுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் கிரேஸ்.

எனக்கும் மெதுவாகப் பாதிக் குரல் வந்தது. ஆட்டுக்குட்டிக் குரல். நாள் முழுக்க வகுப்பெடுக்கத் தாங்காது, சாயங்காலம் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கும் ஆண்டவர் இடம் வைத்திருந்தார். இப்போது பகலில் அச்சுக்கூடம், வாரத்தில் இரண்டு சாயங்காலம் அடையாற்றில் ஒரு வீட்டு மாடியில் படம் வரையும் வகுப்பு. காலேஜ் பையன்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் வருகிறார்கள். ஜன்னல் வழியே ஆறு தெரியும். விளக்கேற்றும் வேளையில் ஆறு எது, கடல் எது என்று கோடு போட முடியாது.

போன மாசம் ஒரு குமாஸ்தா கேட்டார், "சார், ஆபீஸை விட்டுட்டு இதுக்கே வந்துடவா?"

"விடாதீங்க. இதையும் விடாதீங்க" என்றேன். "கரையை முதல்ல பென்சில்ல வரையணும். மை அப்புறம்."

அன்பானவர்களே, நான் என் வாழ்க்கையை எடுத்த எடுப்பிலேயே மையில் வரைந்துவிட்டிருந்தேன். ஆண்டவர் இரக்கமாக அதை அழித்துக் கொடுத்தார். படிக்கிற பிள்ளைகளே, வேலையில் இருக்கிறவர்களே, திட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். உங்கள் கைக்கு வேறென்ன தெரியும் என்று பாருங்கள். அவரை நம்புங்கள். அவருடைய பதில் உங்கள் ஜெபத்துக்குள்ளேயே வரும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

வருகிற புதன்கிழமை வாருங்கள். நான் இப்போதும் அண்ணனுக்கு அடுத்துத்தான் உட்காருகிறேன். காப்பி சூடாகவே கிடைக்கும்.