அமுக்கினால் நிறுத்துவேன்

செய்தி வந்தபோது அலுவலகப் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தேன். துறைமுகச் சாலையில் நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. போனில் ஜெனிட்டாவின் கணவர். "அக்கா, ஜெனி போயிட்டா" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மில்லர்புரத்தில் அவளுடைய பிசியோதெரபி அறைக்கு வந்து போனவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். திரைக்கு அந்தப் பக்கம், தொடுவதற்கு முன்பே கத்துகிற ஆள் நான்தான். உப்பு லாரி சிந்திப்போன ஈரத்தில் ஸ்கூட்டர் வழுக்கி என் முழங்கால் சில்லு உடைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கால் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. அடுத்த முறை வருவதற்குள் மடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அதை நினைத்தாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும். மடங்காமலே இருந்தாலோ மாடியில் இருக்கிற வேலை போய்விடும்.

ஜெனிட்டா என்னைவிட ரொம்பச் சின்னவள். தைரியமாக இருங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முழங்காலைப் பிடித்திருந்த தன் கைமேல் என் கையை எடுத்து வைத்தாள்.

"பயப்படுங்கக்கா, அது பாட்டுக்கு இருக்கட்டும். தாங்கலன்னா என் கைய அமுக்குங்க. நிறுத்திருதேன்."

நான் சும்மா விடுவேனா? அவள் தொட்டதுமே அமுக்கினேன். நிறுத்தினாள். மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் நிறுத்தினாள். நாள்கணக்கில் இதே கூத்து. கூட வந்த என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. இவள் பேச்சைக் கேட்டால் இந்த ஜென்மத்தில் கால் மடங்காது, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காக மடக்கு என்றார். "நிறுத்துவேன்னு சொல்லிட்டு நிறுத்தலன்னா, நாளைக்கு எங்கிட்ட காலத் தர மாட்டாங்கம்மா" என்று ஜெனிட்டா பதில் சொல்லிவிட்டு, ஒத்தடப் பையைச் சூடாக்கப் போனாள்.

பிறகு ஒருநாள் அமுக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். கேட்டால் நிற்கும் என்று தெரிந்திருந்ததால் பொறுக்க முடிந்தது. கண்ணீரும் கத்தலுமாகத்தான் கால் மடங்கியது. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு மயக்க மருந்துப் பேச்சை விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் ஜெனிட்டாவுக்கு மக்ரூன் வாங்கிப் போனேன். பயம் போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். "போகாட்டி என்ன, காலு வந்துட்டுல்லா" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

போன வாரம் நுரையீரலில் கிருமி தொற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது, காற்றை அழுத்தித் தள்ளுகிற மாஸ்க்கை முகத்தில் இறுக்கி மாட்டியிருந்தார்கள். அவளால் பேச முடியவில்லை. எத்தனையோ பேரை மூச்சு விடுங்கள், மூச்சு விடுங்கள் என்று பழக்கியவளின் கண்ணில் அவ்வளவு பயம். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டேன்.

"தாங்கலன்னா அமுக்கு, ஜெனி."

அவள் உடனே அமுக்கினாள்.

நர்ஸைக் கூப்பிட்டேன். கழற்றினால் மூச்சு நின்றுவிடும், கழற்ற முடியாதும்மா என்றார். ஜெனிட்டா என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அமுக்கினாள். நிறுத்துவது என் கையில் இல்லை. வெளியே போகச் சொல்லும்வரை கையை மட்டும் எடுக்காமல் இருந்தேன்.

செய்தி வந்த அன்று மீதிப் படிகளையும் ஏறித்தான் போனேன். அவள் தந்த கால் ஒழுங்காக மடங்கியது. ஆனால் அவளை நினைக்கும்போது நான் தொட்டுப் பார்ப்பது முழங்காலை இல்லை. என் புறங்கையில், அவள் அமுக்கிய இடத்தை.