கிறீன்லாந்துப் படங்களுக்கு நான் இட்ட எண்கள்

ஒரு பெண் தன் தாயின் முகத்தைக் காண முடியாமற் போனதற்கு நான் காரணம். இதை மனைவிக்கு மட்டும், அதுவும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். கை நடுக்கம் கூடிக்கொண்டு வருகிறது. எழுத முடிகிறபோதே எழுதிவிட வேண்டும்.

எண்பத்தைந்தாம் ஆண்டின் கடைசியில் நானும் மனைவியும் இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு, மகன் இருந்த இஷொய் நகருக்கு வந்து சேர்ந்தோம். மகனுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் போய்விடுவான். வீடு நாலாம் மாடியில்; படிகள் அறுபத்து நாலு. லிப்ட் இருந்தது, ஆனால் இரண்டாம் மாடி தாண்டியதும் அது ஒருமுறை நடுங்கும். அந்த நடுக்கத்தை நான் நம்பவில்லை. எதிர்க் கட்டடத்தில் நூற்றிருபது யன்னல்கள். எங்கள் வீட்டுக்குள் குளிர்காற்று எந்த இடுக்கால் வருகிறதென்று பத்து நாள் தேடி, மூன்று இடங்களைக் கண்டுபிடித்துக் கடதாசி அடைத்தேன்.

"ஊரில காணியள எண்ணினியள். இஞ்ச வந்து காத்தை எண்ணுறியள்," என்றாள் மனைவி. "எண்ணாட்டி உங்களுக்குச் சோறு இறங்காதப்பா."

அவள் சொன்னது உண்மை. முப்பத்தொரு வருடம் காணிக் கந்தோரில் இலிகிதராக இருந்தவன் நான். துண்டுக் காணிகளுக்கு எண் இடுவதும், அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதும், ஓரெண் இருமுறை வராமற் பார்ப்பதும்தான் என் வேலை. ஓரெண் இருமுறை வந்தால் இரண்டு குடும்பங்கள் இருபது வருடம் கோர்ட்டுக்கு நடக்கும். அதனால் இரட்டை எண்ணைக் கண்டால் எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும்.

கீழ்த்தளத்தில் தனியாக ஒரு டேனிஷ்காரர் இருந்தார். வயது எழுபத்தெட்டு. படியில் ஏறி இறங்குபவன் நான் ஒருவன்தான் என்று கண்டு ஒரு நாள் மறித்துக் கதைத்தார். நல்ல ஆங்கிலம். இளவயதில் கிறீன்லாந்துக்குப் போய், ஒரு சிறு குடியிருப்பில் அரசாங்கக் கடைக்குப் பொறுப்பாளராகப் பதினாறு வருடம் இருந்தவர். கடைப் பொறுப்பாளர் என்றால் அங்கே அரைவாசி அரசன் என்று தானே சொல்லிச் சிரித்தார்.

"முதலில் அங்கே பாதிரியார் போனார், பிறகு கடை போனது, பிறகு தராசு போனது. அவர்கள் கடல்நாய் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் கொழுப்பை நிறுப்பேன். எவ்வளவென்று நான் சொல்வதுதான் எவ்வளவு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் பக்கத்திலும் எங்களுக்கு ஒரு கடை இருந்ததே, தரங்கம்பாடியில்," என்றார்.

"அது கடலுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்," என்றேன்.

"அப்படியென்றால் உங்களுக்கு நாங்கள் ஒரு கெடுதலும் செய்யவில்லை. உள்ளே வந்து கோப்பி குடிக்கலாம்."

இப்படித்தான் பழக்கம் தொடங்கியது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவர் படப் பெட்டிகளைக் காட்டினார். சப்பாத்துப் பெட்டிகள் ஆறு. எல்லாம் கிறீன்லாந்தில் அவரே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். கடைச் சுவரோரம் வரிசையாக நிற்கும் ஆண்கள், தோற் சப்பாத்தும் மணிக் கழுத்துப்பட்டையும் அணிந்த பெண்கள், நாய்கள், தோணிகள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் ஓர் எண். கொஞ்சத்தைப் புரட்டிப் பார்த்தபோதே எனக்கு மனம் குழம்பியது. ஏழு என்ற எண்ணில் நாலு படங்கள். பதினாலு என்ற எண்ணில் மூன்று.

தை மாதத்தில் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்ய அவரை ஆஸ்பத்திரியில் மறித்தார்கள். ஒன்பது நாட்கள். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். "நேரமிருந்தால் படங்களைத் தூசு தட்டி ஒழுங்காக வையுங்கள்," என்றும் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஒன்பது நாளும் கந்தோருக்குப் போவதுபோலக் கீழே போனேன். படங்கள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அளவு பார்த்து, நாய்கள், ஆட்கள், தோணிகள், வெறும் நிலம் என்று பிரித்தேன். பழைய எண்களை அழிறப்பரால் ஒவ்வொன்றாக அழித்தேன். கடும் பென்சில், கை நொந்தது. பிறகு மையால் ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை புது எண் இட்டு, ஒரு கொப்பியில் பதிவும் எழுதினேன். 'பெண், தனியாக, கடை வாசல்.' 'ஆண் மூவர், தோணி.' ஓரெண்ணும் இருமுறை வரவில்லை.

மேசை லாச்சியில் ஐந்து குறிப்புப் புத்தகங்கள் கிடந்தன. திறந்தும் பார்த்தேன். இடப்பக்கம் எண், வலப்பக்கம் எனக்கு வாசிக்க முடியாத சாய்ந்த எழுத்து. ஒரு கடைக்காரர் எண் போட்டு எழுதியிருந்தால் அது சாமான் பட்டியல்தான் என்று முடிவு செய்தேன். சாமான்களுக்கும் எனக்கும் வேலையில்லை. மூடி வைத்தேன்.

அவர் ஒரு கண்ணில் கட்டுடன் திரும்பி வந்தார். மற்றக் கண்ணும் மங்கல்தான். படங்களை விரல்களால் தடவிப் பார்த்து, விளிம்புகள் நேராக நிற்பதைக் கண்டு, "நீங்கள் எனக்கு அங்கே உதவியாளராக இருந்திருக்க வேண்டும்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து அவர் லாச்சியிலிருந்து முதலாவது குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். "பெயர்களைக் கேட்க ஆசையாக இருக்கிறது. முதலாவதை எழுத்துக்கூட்டி வாசியுங்கள்."

நான் எழுத்துக்கூட்டினேன். அவருடைய முகம் மலர்ந்தது. "அவளா. உபதேசியாரின் மனைவி. படம் எடுக்க நிற்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்தப் படத்தைத் தாருங்கள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து புத்தகங்களும் பெயர்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார். ஓரெண் பல முறை வந்தது அதனால்தான். நான் தேடியெடுத்த ஒன்றாம் எண் படத்தில் ஒரு நாய் நின்றது. என்ன செய்தேனென்றால், பெட்டியிலிருந்து ஏதோ ஒரு பெண்ணின் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒன்றும் தெரியாமலே, "ஓ, அவள்தான்," என்று சொல்லிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

அன்று பின்னேரம் சாப்பாடு இறங்கவில்லை. "என்னப்பா, சோத்தையும் எண்ணிப்போட்டுத்தான் சாப்பிடுவியளோ?" என்று மனைவி கேட்டாள்.

ஐம்பதுகளில் கிழக்கு மாகாணத்தில் ஒரு குடியேற்றத் திட்டத்துக்கு எங்கள் கந்தோரிலிருந்து போயிருந்தேன். குடியேறுபவர்கள் லொறிகளில் வருவதற்கு முன் காட்டோரம் யார் இருக்கிறார்கள் என்று பதிய வேண்டும். வேடர் குடும்பங்கள் ஆறு இருந்தன. அவர்களில் ஒருவர் முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னார். நான் எழுதாததைக் கண்டு இரண்டாம் முறையும் சொன்னார். காணி பெறுபவர்களுக்குத்தான் படிவத்தில் பெயருக்குக் கட்டம் இருந்தது. 'வேடர், குடும்பம் 6' என்று எழுதி அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதன் பிறகு அந்த ஆறும் எங்கே போயின என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் இரண்டு முறை சொன்ன பெயர் இப்போது ஞாபகமில்லை. கிறீன்லாந்தில் தராசு பிடித்த இந்த மனிதரோ படம் எடுத்த ஒவ்வொருவரிடமும் நின்று பெயர் கேட்டு எழுதியிருக்கிறார். அதையும் அழிப்பதற்கு நான் வந்து சேர்ந்தேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கோபக்காரர் அல்ல. ஒவ்வொரு நாளும் படியில் இறங்கும்போது இன்றைக்குச் சொல்வேன் என்று நினைப்பேன். அறுபத்து நாலாவது படியில் நாளைக்கு என்று நினைப்பேன்.

சித்திரையில் அந்தப் பெண் வந்தாள். முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தாள். அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நாற்பது நாற்பத்தைந்து வயது. அவர் கடை வைத்திருந்த குடியிருப்பில் பிறந்தவள். நெஞ்சு வருத்தம் என்று ஐந்து வயதில் வைத்தியத்துக்குக் கப்பலேற்றி டென்மார்க்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். சுகமான பிறகு ஒரு டேனிஷ் குடும்பம் வைத்துக்கொண்டது. அதற்குள் தாய் இறந்துவிட்டாள். தாயின் பாஷையும் மறந்துபோயிற்று, முகமும் மறந்துபோயிற்று. பழைய கடைப் பொறுப்பாளர் எல்லோரையும் படம் பிடித்தவர் என்று யாரோ சொல்லித் தேடிப் பிடித்திருக்கிறாள்.

அவள் டேனிஷில் சொல்ல, அவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தாயின் பெயரைக் கேட்டார். அவள் சொன்னதும் நாற்காலியின் கையைத் தட்டினார். "இருக்கிறாள். நிச்சயமாக எடுத்தேன். புத்தகத்தைப் பாருங்கள்."

மூன்றாவது புத்தகத்தில் இருந்தது. பதினாலாம் எண். நான் எழுத்துக்கூட்ட, அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: தாயின் பெயர், கடை வாசலில், தனியாக.

"அப்படியென்றால் எடுங்கள்," என்றார் அவர். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

என் பதிவின்படி கடை வாசலில் தனியாக நிற்கும் பெண்கள் ஏழு பேர். ஏழு படங்களையும் மேசையில் பரப்பினேன். எண்கள் மாறிவிட்டன என்று மெல்லச் சொன்னேன். யார் மாற்றியது என்று சொல்லவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்தார். பிறகு படங்களைக் கீழே வைத்துவிட்டு, அவளிடம் டேனிஷில் நெடுநேரம் கதைத்தார். முடிவில் என்னிடம், "என்னுடைய கண் போய்விட்டது, தலையும் போய்விட்டது, நான்தான் எங்கோ குழப்பியிருக்க வேண்டும், மன்னிக்கச் சொன்னேன்," என்றார்.

அவள் ஏழு முகங்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்குக் கண் தெரியும். இதில் யார் என்னைப் போல?"

நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் கையாண்டவன் அன்றுதான் முதல்முறையாக முகங்களைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஏழு படங்களையும் கொண்டு போயிருப்பாள். ஏழில் ஒன்றாவது தாயாக இருந்திருக்கும். நான் மூன்றாவது படத்தைத் தொட்டேன். "மூக்கு," என்றேன், டேனிஷில். அந்தச் சொல்லை மொழி வகுப்பில் படித்து ஒரு கிழமையும் ஆகவில்லை.

அவள் அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றி சொன்னாள்.

அடுத்த நாள் மிச்ச ஆறையும் பெட்டிக்குள் வைக்கப் போனேன். நல்ல வெயில். ஒரு படத்தின் பின்புறத்தில் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அழித்த இடத்தில் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. பதினாலு. மற்றப் புத்தகங்களின் பதினாலாம் வரிகளில் கடை வாசல் இல்லை. என் பதிவில் எண்பத்தெட்டு. அகன்ற நெற்றி, ஒரு கை கதவைப் பிடித்தபடி, சிரிப்பில்லை. என் அவசரம், ஒரு நாள் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு மற்றப் படங்களையும் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இருநூற்றறுபத்தொன்றில் தடம் தெரிந்தது. அவற்றின் பழைய எண்களைத் திரும்ப எழுதினேன். நூற்றுநாற்பத்தொன்பதில் ஒன்றும் தெரியவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் அவர் இறந்தார். மருமகன் வந்து பெட்டிகளை ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார். எண்பத்தெட்டாம் படத்தை மட்டும் நான் முன்பே ஒரு கடித உறையில் போட்டு எடுத்து வைத்திருந்தேன். நான் முகத்தை மாறிக் காட்டிவிட்டேன், சரியான படம் கிடைத்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். எண்களை அழித்ததைச் சொல்லவில்லை.

"இதில என்ன யோசிக்கிறியள்? கொண்டுபோய்க் குடுங்கோ. பிழை விடாத மனுசர் ஆர்?" என்றாள். கோட்டை எடுத்துத் தந்ததும் அவள்தான்.

ரயிலில் அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போனேன். உறை கோட்டின் உள்பையில் இருந்தது. கதவைத் திறந்த அந்தப் பெண் என்னை உடனே அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தொலைக்காட்சிக்கு மேலே அந்த மூன்றாவது படம், பெரிதாக்கப்பட்டு, சட்டம் போட்டு, அதன் கீழே தாயின் பெயர் அழகான எழுத்தில். பதின்மூன்று பதினாலு வயது மகள் அறையிலிருந்து வந்தாள். தாய் அவளுடைய நாடியைப் பிடித்துப் படத்தின் பக்கம் திருப்பி, "பாருங்கள், அதே மூக்கு. வருகிற எல்லோரும் சொல்கிறார்கள்," என்றாள்.

"அம்மா, விடுங்கோ," என்பதுபோல் ஏதோ முனகிக்கொண்டு பிள்ளை நழுவியது. ஆனால் போகும்போது தானும் ஒருமுறை படத்தைத் திரும்பிப் பார்த்தது.

கோப்பியும் கேக்கும் வந்தன. கோட்டைக் கழற்றச் சொன்னாள். குளிர் என்றேன். இதைக் குளிர் என்கிறீர்களே, என் அம்மா கேட்டால் சிரிப்பார் என்று படத்தைக் காட்டிச் சொன்னாள். நான் இரண்டு கோப்பை குடித்தேன். வந்த காரணத்தை அவள் கேட்கவில்லை. பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஐம்பது நிமிடம் இருந்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவடியில் நின்றாள். "குடுத்திட்டியளோ?"

"ஓம்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "சந்தோசப்பட்டவ."