சேலைச் சுவர் கட்டிப் பார்த்த வீடு

1. மார்க்கிங் நாள்

வீட்டு பிளான் போடும் தொழிலில் எனக்குப் பிடித்த நாள் எது என்று கேட்டால், யோசிக்காமல் மார்க்கிங் நாள் என்பேன். பால் காய்ச்சக் கூப்பிடுவார்கள். போவேன், சாப்பிடுவேன், வந்துவிடுவேன். மார்க்கிங் அப்படி இல்லை. வெறும் மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, இது உங்கள் ஹால், இது உங்கள் கிச்சன் என்று ஒரு குடும்பத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போகிற நாள் அது. இத்தனை வருஷம் ஆகியும் அன்று காலையில் எனக்கு இட்லி தொண்டையில் இறங்காது.

தேவராஜ் சார் வீட்டு மார்க்கிங்கில் பரபரப்பு இன்னும் கூடுதல். வி.எம். சத்திரம் தாண்டி ஐந்தரை சென்ட் மனை. மறுநாள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. சார் தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவர். மனைவி ஜெயராணி பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள் பெனினா, காலேஜ் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை செய்பவள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மூன்று பேரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே நீள ஹால், அதன் கடைசியில் கதவில்லாத அடுப்படி. தலையைத் தூக்கினால் ஒருவர் கையை ஒருவர் பார்க்கலாம்.

புது வீட்டில் சாருக்கு ஒரே ஆசைதான். "என் பிள்ளைக்குன்னு கதவு வச்ச ஒரு ரூம் இதுவரைக்கும் இல்ல மேடம். நல்ல பெரிய ரூமா போடுங்க. கதவு தேக்குல இருக்கட்டும்."

பெனினாவுக்கும் அதே ஆசை. பெயிண்ட் கலர்கூட முடிவு செய்து எனக்குப் படம் அனுப்பியிருந்தாள்.

வாஸ்து பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "நாங்க வேதக்காரங்க மேடம், சர்ச்சுக்குப் போறவங்க, அதெல்லாம் பாக்க மாட்டோம்" என்று நிமிர்ந்து சொன்னவர், கிளம்பும்போது பைய என் பக்கம் சாய்ந்தார். "அடுப்பு மட்டும் அக்னி மூலையில இருந்துட்டுப் போட்டும். நாளைக்கு ஒருத்தன் வெலைக்குக் கேட்டு வந்தா பாப்பாம்லா?"

சிரித்துக்கொண்டே கிச்சனைத் தென்கிழக்கு மூலையில் போட்டேன். பெனினாவின் ரூம் எதிர் மூலையில், வடமேற்கில். நடுவில் ஹால். பேப்பரில் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

2. காற்றும் கோடும்

ஆனி மாதக் காற்று. நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆளையே தள்ளும். முருகன் கொத்தனார் தரையில் தண்ணீர் தெளித்து, ஈர மண்ணில் பொடியை விட்டார். கோடு விழுந்ததும் மூவரையும் வாசல் வழியாக உள்ளே அழைத்தேன். தேவராஜ் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரே கூத்து. "எப்பா, செவத்துக்குள்ள நிக்கிய!" என்று டீச்சர் சத்தம் போட, சார் குதித்து ஹாலுக்குள் வந்தார். டீச்சர் அடுப்பு இருக்கும் இடத்தில் நின்று, கையாலேயே மகளிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டார். அந்த மூலையில் இருந்து பெனினா, சீனி குறைவாக என்று கையை ஆட்டினாள். கொத்தனார்கூடச் சிரித்துவிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சார் மட்டும் மகளின் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்ன மேடம், ரூம் இம்புட்டுக்கானு இருக்கு?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். வெட்டவெளியில் கோடு போட்டால் எந்த ரூமும் சின்னதாகத்தான் தெரியும். சுவர் எழுந்து கண்ணை மறைத்தால்தான் அளவு பிடிபடும். அதற்காகவே என் காரில் ஒரு மூட்டை பழைய சேலை எப்போதும் கிடக்கும். சவுக்குக் கம்பு நட்டுச் சேலைகளைக் கட்டச் சொன்னேன். காற்றில் பறக்காமல் அடியில் செங்கல் வைத்தோம். சுவர் எழும்பியது. சார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"இப்ப ரூமு! ஏட்டி, உள்ள போய் உக்காந்து பாரு" என்று மகளுக்குக் கைகாட்டினார்.

பெனினா உள்ளே போனாள். நாங்கள் ஹாலில் நின்று ஜேசிபி எந்தப் பக்கமாக வரும் என்று பேச ஆரம்பித்தோம். பேச்சு செப்டிக் டேங்க், போர்வெல் என்று நீண்டது. ஏதோ கேட்பதற்காக டீச்சர் மகள் இருந்த பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். எதிரே ஊதா நிறச் சேலை. தூக்கிய கை அப்படியே நின்றது.

போய்ச் சேலையை விலக்கினார். பெனினா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. அவள் கை சொன்னதை டீச்சர் எங்களுக்குச் சொன்னார்.

"எல்லாரும் போயிட்டியளோன்னு நெனச்சாளாம்."

3. தெரியுதா?

எனக்குச் சுருக்கென்றது. சாருக்கு முகம் செத்துவிட்டது. "அதுக்கென்ன, போன்ல மெசேஜ் போட்டாப் போச்சு" என்றார். அது அவர் காதுக்கே நன்றாக இல்லை என்பது தெரிந்தது.

பெனினா கையை வேகமாக வீசினாள். டீச்சர் சொன்னார்: "அடுப்படியில நிக்க அம்மாகிட்ட மெசேஜ்லயா பேசன்னு கேக்கா."

"சரி, அப்ப ரூமே வேண்டாமா? கேளு அவகிட்ட" என்றார் சார். கேட்டதும் பெனினா இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினாள். ரூமும் வேண்டும், கதவும் வேண்டும். ஆனால் இப்படி வேண்டாம்.

மறுநாள் ஜேசிபி. தோண்டிவிட்டால் முடிந்தது கதை. பிளானை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "கம்பைப் பிடுங்குங்க அண்ணாச்சி!" என்று கொத்தனாரிடம் கத்தினேன். அப்படி ஒரு உற்சாகம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அம்மாவை அடுப்பு முன்னால் நிறுத்தினாள் பெனினா. அப்பாவை ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். தன் மேஜை வரப்போகும் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். நானும் கொத்தனாரும் கம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கிச்சன் சுவரை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். அவள் ரூம் வாசலை மூலைக்குத் தள்ளினோம். பக்கத்தில் ஹாலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், திரை அவள் பக்கம். ஒவ்வொரு தடவையும் சார் நாற்காலியில் இருந்து கையால் கேட்டார்: அம்மா கை தெரியுதா? அவள் இல்லை என்பாள். நாங்கள் மறுபடியும் நகர்த்துவோம்.

டிவி மாட்ட வைத்திருந்த சுவர் போயே போய்விட்டது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் விழித்தபோது சாரே சொன்னார்: "டிவி கெடக்கட்டும் மேடம், நவுத்துங்க." அடுப்பு மட்டும் அக்னி மூலையை விட்டு அசையவில்லை.

கடைசியில் பெனினா இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். அவர்கள் மொழியில் அது கைதட்டல் என்று டீச்சர் சொன்னார். நாங்கள் எல்லோரும் கையை உயர்த்தி ஆட்டினோம், கொத்தனார் உட்பட.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பெட்ரூம், எவ்வளவு சதுர அடி என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். இந்த வீட்டில் யார் யாரோடு எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, உட்கார வைத்துப் பாருங்கள்.

வயரிங் நடக்கும்போது தேவராஜ் சார் ஒரு யோசனையோடு வந்தார். பெனினா ரூம் விளக்குக்கு ஹாலிலும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும் என்றார். கதவைத் தட்டினால் அவளுக்குக் கேட்காது அல்லவா? குடி வந்த வாரம் போயிருந்தேன். தேக்குக் கதவு சாத்தியிருந்தது. சார் அந்தச் சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைத்தார். கதவு திறந்தது. என்னப்பா என்று கையால் கேட்டபடி பெனினா வெளியே வந்தாள்.

"இவ்வளவு நாளும் பக்கத்துல போய்த் தொட்டுத்தான் கூப்பிட்டிருக்கேன் மேடம்" என்றார் சார். "எம்பிள்ளைய நின்ன எடத்துல இருந்து கூப்பிடுதது இந்த வீட்டுலதான்."